நயினை அம்பாளும் அதீனா தேவியும்

கிரேக்க தேசத்துப் புராதன தெய்வங்களை மீண்டும் வழிபடுகின்ற சிறு கூட்டத்தார் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுட் பலர் அதீனாவையோ ஹெக்கேட்டையோ ஆர்ட்டெமிஸையோ தம் உபாசனைத் தெய்வமாக வரித்து, வீட்டின் ஒரு மூலையிலே பீடம் அமைத்துத் தீபமேற்றித் தூபமிட்டு நாள்தோறும் வணங்கி வருகிறார்கள் என்பதும் நம்மவர் காதுக்கு எட்டும்போது, முதலில் எழுவது நகைப்பாகவே இருக்கிறது. மாண்டுபோன மதத்துக்கு உயிர்கொடுக்க முயலும் வீண் விளையாட்டு என்று படித்தவர்களும், பிறந்த சமயத்தை விட்டவர்களின் பித்து என்று பக்தர்களும் சொல்லக் கேட்கலாம். இந்த நகைப்பு எவருக்குப் பொருந்தினாலும் யாழ்ப்பாணத்துத் தீவக மக்களாகிய நமக்கு ஒருசிறிதும் பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம்.

குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி நயினாதீவுக்குச் செல்வோர் அனைவரும் அறிந்த ஐதீகம் ஒன்றுண்டு. புளியந்தீவிலிருந்து நாகமொன்று வாயிலே பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்திக் கடந்து நாகபூஷணி அம்பாளை அர்ச்சிக்க வந்ததும், வழியிலே கருடன் அதனை மறித்ததும், அவ்வேளை கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காகப் பரிந்து நின்று தன் செல்வத்தை அம்பாள் பணிக்கே ஈவதாக வாக்களித்து அதனை மீட்டதுமாகிய அந்தச் சரிதத்தின் சாட்சியாக, பாம்பு சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் இன்றும் நம்மவரால் காட்டப்படுகின்றன. நாகபூஷணியின் முதல் அடியார் அரசருமல்லர், அர்ச்சகருமல்லர். ஊரும் உறவும் துணையின்றி, ஒற்றைப் பூவோடு தனியே வந்த ஒரு சீவன். பாம்பு அதீனாவுக்கும் உரியது. அக்குரோபொலிஸ் குன்றிலே அவளுடைய சந்நிதியைக் காத்துவந்த நாகத்துக்கு மாதந்தோறும் தேன்பணியாரம் படைத்ததையும், கி.மு. 480-இல் பாரசீகர் படையெடுத்து வந்தபோது அப்பணியாரம் தீண்டப்படாமற் கிடக்கக் கண்ட ஏதென்ஸ் மக்கள், தேவியே நகரை நீங்கிவிட்டாள் என்று கருதித் தாமும் நீங்கத் துணிந்ததையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வழிபாடு எவ்வாறு அற்றுப்போயிற்று என்பதைத்தான் நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். ரோமச் சக்கரவர்த்தி தியோடோசியஸ் 392-இல் பிறப்பித்த சட்டம் கோயிற் பலிகளைத் தடுத்ததோடு நில்லாது, வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றுவதையும் தூபமிடுவதையும் மாலை சாத்துவதையுங்கூடக் குற்றமாக்கிற்று. ஆலயத்தை இடித்தால் மட்டும் போதாது, அடுப்படி மாடத்து அகலும் அணைய வேண்டும் என்பதை அதிகாரத்திலிருந்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். அதற்குப் பின்பும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அந்தப் பக்தி முற்றிலும் அணையவில்லை. 485-இல் மறைந்த தத்துவ ஞானி புரொக்ளஸின் சரிதத்தை எழுதிய அவருடைய மாணாக்கர் மரினஸ் ஒரு செய்தி தருகிறார். பார்த்தினன் கோயிலிலிருந்து அதீனாவின் பிம்பம் அகற்றப்பட்ட காலத்திலே, பேரழகு வாய்ந்த மாதொருத்தி புரொக்ளஸின் கனவிலே தோன்றி, ஏதென்ஸின் தலைவி இனி உம்முடைய இல்லத்தில் உம்மோடு வசிக்க விரும்புகிறாள், வீட்டை விரைந்து ஆயத்தம் செய்யும் என்றாளாம். கோயிலை இழந்த தெய்வம் தன் அடியவனின் வீட்டுக்குக் குடிபெயர்கின்ற இந்தச் செய்தியை நெஞ்சுருகாமல் என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஏனெனில் இதுவே நம்முடைய சரித்திரமுமாகும். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக் கோயில்களை இடித்தபோது நயினை அம்பாள் கோயிலும் தப்பவில்லை. அது மீண்டும் எழுந்தது 18-ஆம் நூற்றாண்டிலேதான். இடைப்பட்ட அந்த இருண்ட காலத்தில் சமயத்தைக் காத்தவர்கள், விரதச் சோறு உண்ட வாழையிலையை அந்நியர் கண்ணிற் படாதபடி கூரைக்குள்ளே செருகி மறைத்த நம் பாட்டிமார் என்பதை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? 1990-இல் யுத்தம் சூழ்ந்து தீவகத்தார் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இன்று இலண்டனிலும் டொரொண்டோவிலும் நாகபூஷணி அம்பாள் பெயரால் ஆலயங்கள் விளங்குகின்றன என்றால், பனி கொட்டும் நாடுகளில் அடுக்குமாடி அறைகளுக்குள்ளே வெள்ளிக்கிழமை விளக்கை விடாது ஏற்றிய தாய்மாரின் அநுஷ்டானமே அவற்றுக்கு அத்திவாரம்.

நமக்குக் கோயில் இல்லாதிருந்த காலம் குறுகியது. ஆகவே வீடு வழிபாட்டைத் தாங்கிற்று. கிரேக்கத் தெய்வங்களை வணங்கியோருக்கோ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள், வீடும் மறந்துபோயிற்று. கிரேக்கப் புராணப் பாடகன் ஓர்பியஸின் பெயரால் வழங்கும் எண்பத்தேழு துதிகளிலே பெரும்பாலானவை இன்ன தெய்வத்துக்கு இன்ன தூபம் உரியது என்று குறித்திருக்கின்றன. ஆயினும் ஒரு குடும்பத்தலைவி அதனை எந்தக் கையால் எடுத்து, எந்த நேர்த்தியை நினைந்து, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்து இட்டாள் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. அறுந்துபோன அந்த நூலைத் துதிகளிலிருந்தும் சிற்பங்களிலிருந்தும் தேடி முடிச்சிட முயல்கிறவர்களை நாம் பரிகசிக்கலாமா? அவரவர் மனத்துக்கு இசைந்த மூர்த்தியை இஷ்ட தெய்வமாகக் கொள்ளும் உரிமையை ஒப்புக்கொண்ட சமயம் நம்முடையது. அவர்களுள்ளும் ஆழமற்றவர்கள் உளர். காரியசித்திக்காகத் தெய்வத்தை நாடி, காரியம் முடிந்ததும் மறப்பவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை? ஆனால் அவர்களை வைத்து உண்மையான சிரத்தையை எடைபோடுவது நியாயமாகாது. பிறந்த மண்ணிலேயே நெடுங்காலம் அங்கீகாரமின்றி இருந்த இவ்வழிபாட்டைக் கிரேக்க அரசே 2017-இல் அறியப்பட்ட மதமாக ஏற்றுக்கொண்டது.

எனக்குள்ள கவலையெல்லாம் நம்மைப் பற்றியதே. கோபுரங்கள் உயர்கின்றன, கும்பாபிஷேக மலர்கள் வெளிவருகின்றன. வீட்டு வழிபாட்டை எழுதிவைப்பவரைக் காணோம். கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்ந்தவள் அதற்கு முன் வீட்டில் எந்தெந்த நியமங்களைக் காத்தாள், அடியழிப்பவளுக்கு அவள் தாய் சொல்லிக்கொடுத்தது என்ன, நாகலிங்கம், நாகரத்தினம், நாகம்மா என்று ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் பெயர் வைத்ததற்குப் பின்னே இருந்த வேண்டுதல் யாது என்பனவெல்லாம் எண்பது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் புங்குடுதீவிலும் ஆளில்லாது பூட்டிக்கிடக்கும் வீடுகளோடு இவையும் போய்விட்டால், பின்வரும் நம் சந்ததியாரும் ஏடுகளைப் புரட்டி ஊகித்து வழிபட வேண்டியதாகவே முடியும். ஆதலால் இவ்வாண்டு ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவுக்கு வருவோர், வெளிநாட்டிலிருந்து வருவோர் சிறப்பாக, தம் குடும்பத்து முதியவர் ஒருவரிடமாவது அமர்ந்து அவர் அம்பாளை வீட்டிலே கும்பிட்ட முறையைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.