கல்லில் நின்ற வினை

பழங்கல்வெட்டுகளைப் படிப்போரை மிகுதியும் அலைக்கழிப்பவை வினைச்சொற்களே. பெயர்ச்சொல் ஓர் ஆளையோ ஊரையோ சுட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வினையோ யார் என்ன செய்தார் என்னும் வரலாற்றையே தன்னுள் வைத்திருக்கிறது. அதன் பொருள் பிறழ்ந்தால், பாறையைக் குடைவித்தவர் வெறும் கொடையாளராக மாறிவிடுவார்.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில் அத்தகைய வினை ஒன்று உள்ளது. அங்குள்ள தமிழி கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் மாங்குளக் கல்வெட்டுகளைப் பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அவற்றுள் ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி ஒரு சமண முனிவருக்காகப் பள்ளியைக் 'கொட்டுபித்த' செய்தியைக் கூறுகிறது. இவ்வினை 'கொடுப்பித்த' என்பதா? அன்றிச் 'செதுக்குவித்த' என்னும் பொருளில் 'கொட்டு' என்பதன் வழிவந்ததா? அறிஞர் இருவகையாகவும் கொள்வர்.

இரட்டை டகரத்தைக் காட்டி 'கொட்டு' என்பதே சரி எனச் சிலர் முடித்துவிடுவர். இஃது அவசர முடிவு. 'வழுதி' என்னும் பெயரையே அக்கல்வெட்டு 'வழுத்திய்' எனத் தகரத்தை இரட்டித்து எழுதியிருக்கிறது. 'பள்ளி'யைப் 'பளிஇய்' என ஒற்றை ளகரத்தால் எழுதியிருக்கிறது. ஒற்று மிகுவதும் குறைவதும் இவ்வாறு கலந்துகிடக்கும் கல்லில் ஓர் எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு வழங்குதல் பொருந்தாது.

இதனினும் வலிய சான்று அதே மலையிலேயே இருக்கிறது. மற்றொரு கல்வெட்டு ஏறத்தாழ இதே தொடரமைப்பைக் கொண்டது. முனிவர் பெயர், அறம் ஈந்த செய்தி, நெடுஞ்செழியனின் உறவினர் பெயர், இறுதியில் பள்ளி என அதுவும் அமைகிறது. ஆனால் 'கொட்டுபித்த' நின்ற இடத்தில் அங்கே நிற்பது 'செய்' என்னும் வினையின் வடிவம். ஈதல் முன்னரே சொல்லப்பட்டுவிட்டமையால், அடுத்து வரும் வினை ஆக்குதலையே குறிக்கவேண்டும். 'கொட்டுபித்த' என்பதற்கும் அதுவே வழி.

தெரிந்த சொல்லைப் பற்றிக்கொண்டு தெரியாத வினையை அடைதல் உலகெங்கும் பயின்ற முறையாகும். அனத்தோலிய நிலத்தின் இட்டைட்டு மொழியை 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி விளங்கிக்கொண்டது இவ்வாறே. களிமண் ஏட்டில் அப்பத்தைக் குறிக்கும் குறியீடு முன்பே அறியப்பட்டிருந்தது. அப்பத்தை அடுத்து வரும் வினை உண்பதாக இருக்கலாம் எனவும், 'வாதார்' என்பது நீர் எனவும், அதற்குரிய வினை பருகுதல் எனவும் அவர் உய்த்துணர்ந்தார். ஆங்கிலத்தின் 'வாட்டர்' அதற்கு உறவுச்சொல்லாக நின்று துணைசெய்தது.

மாங்குளத்துக்கும் அத்தகைய உறவு மொழி உண்டு. திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. தெலுங்கில் 'கொட்டு' என்பது அடித்தலை மட்டுமன்றி மரத்தை வெட்டி வீழ்த்துதலையும் குறிக்கும். தமிழில் மேளம் கொட்டுவர். களை வெட்டும் கருவியும் களைக்கொட்டுதான். ஓங்கி அடித்து வெட்டும் பொருள் இருமொழியிலும் இருக்க, உளியால் பாறையைக் கொட்டுதல் தொலைவான கற்பனையன்று. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் எல்லையோர மாணவர், இங்கே அகராதிக்கு நிகரான சான்றாளர்.

எனினும் இலக்கணத் தடை ஒன்று எஞ்சுகிறது. 'கொட்டினான்' என வரும் வினை, பிறவினையில் 'கொட்டுவித்தான்' என 'வி' பெறுதல் பிற்கால வழக்கு. 'கொடு' என்பதே 'கொடுப்பித்தான்' எனப் 'பி' பெறும். கல்லில் உள்ளது 'பி'. விகுதிகளின் எல்லை அக்காலத்தில் இவ்வளவு கறாராக வகுக்கப்பட்டிருந்ததா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் இத்தடையை ஒதுக்கிவிட இயலாது. கொங்கர்புளியங்குளத்தில் இதே வினை ஒற்றை டகரத்தோடு 'கொடுபிதவன்' என வருகிறது. அங்கே பாறை வேலை பேசப்படவில்லை. கூரை அமைத்தளித்ததாகவே பொருள் கொள்வர். அவ்விடத்தில் 'கொடு' என்பதை ஏற்பதற்குத் தடையேதுமில்லை.