அட்டாலி எலியும் கூண்டு எலியும்

பருத்தி ஏலத்துக்குப் போக வேண்டிய மூட்டையையும் விதைக்கென்று எடுத்துவைத்த கடலைக்காயையும் கடித்துப் பாழாக்கிய குற்றத்துக்காக, எலி என்னும் பிராணியை மூன்று தலைமுறையாகப் பகையாகவே பாவித்துவந்த எங்கள் மல்லசமுத்திரத்து வீட்டுத் திண்ணையில், சென்ற கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேலத்திலிருந்து வந்த மகள் வயிற்றுப் பேரன் ஒரு கம்பிக் கூண்டை இறக்கிவைத்தான். உள்ளே இரண்டு எலிகள் இருந்தன. இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. சேலத்தில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லையாம். ஆகவே வளர்க்கும் பொறுப்பு அப்புச்சியாகிய என்னுடையது, வாரந்தோறும் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் உரிமை அவனுடையது என்று ஏற்பாடு.

“பொறி வெச்சுப் புடிக்கறத வுட்டுப்போட்டு, காசு குடுத்து வாங்கியாந்து சோறு போடறதுங்களா?” என்று என் மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் கூண்டை எட்டிப் பார்த்த அடுத்த தோட்டத்துக்காரரோ, நான் ‘வெள்ளை எலி’ என்றதை வெள்ளெலி என்று எடுத்துக்கொண்டு, வரப்பில் வளை தோண்டினால் சும்மா கிடைக்கும் சரக்கை விலைக்கு வாங்கிய என் புத்தியை நினைத்து வருந்தியபடியே போனார். எங்கள் பக்கத்தில் வெள்ளெலி என்றால் காட்டில் பிடித்துச் சுட்டுத் தின்பது. அவர் வருத்தம் நியாயமானதே.

உண்மையில் இவை வரப்பு எலியும் அல்ல, பரணாகிய எங்கள் அட்டாலியில் இரவெல்லாம் ஓடுகிற, உடலைவிட வால் நீண்ட கறுப்பு எலியும் அல்ல. ஐரோப்பிய நகரங்களின் சாக்கடைகளில் பெருகிய பழுப்பு எலியின் வம்சம். விக்டோரியா மகாராணியின் காலத்தில், அந்த அம்மையாருக்கே எலி பிடிப்பவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு லண்டன் வீதிகளில் திரிந்த ஜாக் பிளாக் என்பவன், பிடித்த எலிகளில் விசித்திர நிறமுடையவற்றைக் கொல்லாமல் ஒதுக்கிவைத்து, இனம் பெருக்கி, சீமாட்டிகளுக்குச் செல்லப் பிராணியாக விற்றிருக்கிறான். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் ஐல்ஸ்பரி என்ற ஊரில் எலிகளுக்கென்று கண்காட்சிப் போட்டியே நடந்தது. 1906-இல் அமெரிக்காவின் விஸ்டார் பரிசோதனைச்சாலை வெள்ளை எலியை விஞ்ஞானத்துக்கென்று வளர்க்கத் தொடங்கியது தனிக் கதை. எலியைக் கொல்வதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன்தான் அதை மடியில் வைத்து வளர்க்கவும் முதன்மையாகக் கற்றுக்கொடுத்தான் என்பது, பொறி வைத்துப் பழகிய எனக்குச் சற்றே ஆறுதலாயிருந்தது.

ஒன்றுக்குத் தூய வெள்ளை, சிவந்த கண். அதற்குப் பஞ்சு என்று பெயர். மற்றதற்குத் தலையும் தோளும் கறுத்து, முக்காடிட்டாற்போல் இருக்கும். அதன் பெயரும் முக்காடுதான். பஞ்சு ஓரிடத்தில் நின்று தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டுவதைக் கண்டு, ஏதோ வாத வியாதி என்று நான் கவலைப்பட்டதுண்டு. சிவந்த கண்ணுக்குப் பார்வை மங்கல், தலையை அசைத்துத்தான் எதிரிலிருப்பதன் தூரத்தை அளந்துகொள்கிறது என்று பிறகு தெரிந்தது. தனியே வைத்தால் ஏங்கிப்போகும் சுபாவம் ஆதலால் இரண்டு வேண்டும். சினைப்பட்டால் இருபத்தொரு நாளிலிருந்து இருபத்துமூன்று நாளுக்குள் குட்டி போட்டுவிடும் ஆதலால் இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும். எங்களுடையவை இரண்டும் கடுவன்.

படுக்கைக்கு என்ன போடுவது என்பதில் நான் ஒரு தவறு செய்தேன். விசைத்தறிப் பட்டறையில் கழித்துப் போட்ட நூல் இந்த ஊரில் வேண்டிய மட்டும் கிடைக்குமே என்று ஒரு கை அள்ளிக் கூண்டில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் பார்த்தால், முக்காட்டின் பின்னங்கால் விரலொன்று, கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழை சுற்றி இறுகி, நாவற்பழம் போல் கறுத்து வீங்கியிருந்தது. பேரன் அதைத் துணியில் பொதிந்து பிடித்துக்கொள்ள, நகம் வெட்டும் கத்தரியின் நுனியால் நான் அந்த இழையை அறுத்த ஐந்து நிமிஷமும் அது கடிக்கவேயில்லை. விரல் பிழைத்தது. அன்றுமுதல் கிழித்த காகிதந்தான். அதையும் அடிக்கடி மாற்றாவிட்டால் மூத்திர நெடி நெஞ்சில் இறங்கிச் சளி கட்டிக்கொள்ளும்.

மார்கழிக் குளிரில், “அப்புச்சி, பஞ்சு மூக்குல ரத்தம் வருதுங்க!” என்று அவன் அலறினான். அது ரத்தமல்ல; எலிக்குக் கண்ணீரே சிவப்பு. கண்ணின் பின்னாலுள்ள சுரப்பி விடுகிற நீர் அது. நோயோ பயமோ கண்டால் அதிகமாகக் கசியும். இடத்தை மாற்றி, வாடைக்காற்றை மறைத்ததும் நின்றது.

ஆனால் எங்கள் சீமையில் குளிரை ஒரு பொருட்டாகச் சொல்வானேன்? பங்குனி பிறந்ததும் தொடங்கும் உஷ்ணந்தான் எலிக்கு எமன். அதற்கு வேர்க்காது, நாயைப் போல நாக்கை நீட்டி இளைக்கவும் தெரியாது. உடலின் சூட்டை மயிரில்லாத அந்த வாலின் வழியாகவே முக்கியமாக வெளியேற்றுகிறது. பலரும் அருவருக்கும் வாலை நண்பகலில் ஒருமுறை தொட்டுப்பார்த்தால் அது வெதுவெதுவென்று உழைப்பது தெரியும். மண்சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, கூண்டின் மேல் ஈரத்துணி போர்த்து, தண்ணீரை இருவேளையும் மாற்றுகிறேன். ஆகாரத்துக்குக் கம்பு, சோளம், காய்கறி, அவித்த முட்டையில் ஒரு துண்டு. முட்டைக்கு நாமக்கல் சீமையில் என்ன பஞ்சம்? மரவள்ளியாகிய குச்சிக்கிழங்கைப் பச்சையாகத் தரக்கூடாது. அதன் விஷம் ஆட்டைக் கொல்லும், எலிக்கும் அதேதான். எலிக்கு வாந்தியெடுக்கும் சக்தி கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் வெகுநாள் நம்பவில்லை. அமெரிக்காவில் யாக் பாங்க்செப் என்ற அறிஞர், எலியின் பிடரியில் கிச்சுக்கிச்சு மூட்டினால் அது வினாடிக்கு 50,000 அதிர்வுள்ள ஒலியில் சிரிக்கிறது என்று கண்டாராம். மனிதச் செவி 20,000-க்கு மேல் கேளாது. பேரன் மூட்டுகிறான், முக்காடு புரண்டு எழுந்து மறுபடியும் அவன் விரலைத் தேடி வருகிறது. கேட்காத சிரிப்பை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன் ஆயுளே இரண்டு மூன்று வருஷந்தான் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

வேதாரண்யத்துக் கோயிலில் நெய் குடிக்க வந்த எலியின் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பெற, அணையவிருந்த விளக்கு சுடர்விட்டது என்பதற்காக, இறைவன் அதற்கு மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியின் பதவியைத் தந்த கதையை அப்பர் பெருமானும் பாடியிருக்கிறார். எலி பக்தியினால் வரவில்லை, நெய்க்காகவே வந்தது என்பதை மறைக்காமல் சொல்வதனாலேயே எனக்கு அந்தக் கதையில் பிரியம். எங்கள் அட்டாலி எலிகளும் கடலைக்காகவே வருகின்றன. அவற்றுக்குச் சக்கரவர்த்திப் பதவி தர என்னால் ஆகவில்லை.

ஆகவில்லை என்பதோடு, சித்திரை முதல் வாரத்தில் பகை முற்றியும் போயிற்று. கூண்டிலிருந்து சிந்திய கம்புக்காக இரவில் கறுப்பு எலிகள் இறங்கி, கூண்டின் மேலேயே புழுக்கை போட்டிருந்தன. அவற்றின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும்; எங்களுக்கும் வரும், கூண்டிலிருப்பவற்றுக்கும் ஒட்டும். விஷ மருந்து வைக்கலாமென்றால், இழுத்துக்கொண்டு வந்து கூண்டில் போட்டுவிடுமோ என்ற பயம். ஆகவே, பஞ்சையும் முக்காட்டையும் காப்பாற்றும் பொருட்டே பழைய எலிப்பொறியைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை இரவு என் மனைவி அடுப்பில் தேங்காய்ச் சில்லொன்றைச் சுட்டு, இரண்டாக உடைத்து, பெரிய துண்டைப் பொறியின் கொக்கியில் குத்தினாள். சின்னதைக் கிள்ளிக் கிள்ளிக் கூண்டுக் கம்பியிடையே நீட்டினாள். பேரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மாயி, ரெண்டுக்கும் ஒரே தேங்காயுங்களா?”

“ஆமாஞ் சாமி, வூட்டுல ஒரு மூடிதான் இருந்துச்சு.”