மொய் எழுதும் விமர்சகர்கள்

போன மாதம் ஒரு நாவலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன். கொலைக்குற்றம் ஆகிவிட்டது.

கொஞ்சம் முன்னாடியிருந்து சொல்கிறேன். நானும் ஒரு "எழுத்தாளர்" (மேற்கோள் குறியைக் கவனிக்கவும்). நாலாவது செமஸ்டர் லீவில் ஒரு குறுநாவல் எழுதினேன். ஹாஸ்டல் நண்பனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து அட்டைப்படம் வரைய வைத்தேன். கதையில் வருவது புளியமரம், அவன் வரைந்தது ஆலமரம். பிரியாணிக்கு அதுதான் கிடைக்கும். அப்படியே கிண்டிலில் ஏற்றிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: அங்கே யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம். பதிப்பாளர் வேண்டாம், எடிட்டர் வேண்டாம், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். 2016 கடைசியில் தமிழ் மின்னூல்கள் அங்கே வந்தன. 2018-இல் அமேசான் நடத்திய 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் தமிழும் சேர்ந்தது. அதற்கப்புறம் நம்மாட்களைக் கேட்கவா வேண்டும்! டைரி எழுதியவர், தொடர்கதை எழுதியவர், என்னை மாதிரி ஒன்றும் எழுதாமல் இருந்தவர், எல்லோரும் நாவலாசிரியர் ஆனோம். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷம்தான். என் சண்டை வேறு.

புத்தகம் ஏற்றி மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "தோழர், உங்கள் நூலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். நேரம் இருந்தால் என் நூலையும் பாருங்களேன்." ஓடிப் போய்ப் பார்த்தேன். "விறுவிறுப்பான நடை. அடுத்து என்ன என்று பதற வைக்கிறது. ஒரே மூச்சில் படித்தேன். வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார். என் கதை என்ன தெரியுமா? ஒரு கிழவர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கடைசி வரை பஸ் வராது. இதில் எங்கே ஐயா விறுவிறுப்பு?

எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வாயெல்லாம் பல்லாக இருந்தது. அவர் புத்தகத்தைத் திறந்தேன், எட்டு சதவீதம் படித்தேன், "அருமையான கதைக்களம்" என்று எழுதி ஐந்து நட்சத்திரத்தையும் அமுக்கினேன். இப்படி மொத்தம் பதினொரு புத்தகங்களுக்குச் செய்திருக்கிறேன். அதனால் இதை யோக்கியன் எழுதுகிறான் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி, ஆவணி ஆனால் மொய்விருந்துதான். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, வாசலில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். நீ எனக்கு எழுதியதை, உன் முறை வரும்போது நான் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். அந்தப் பணத்தில் கடை வைத்தவர்கள் உண்டு, போர் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் உண்டு. இந்த விமர்சனக் கொடுக்கல் வாங்கலையும் நான் முதலில் மொய் என்றுதான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், மொய்யை அவமானப்படுத்துகிற பேச்சு அது. மொய்யில் அவரவர் பணத்தை அவரவர் போடுகிறார்கள், நோட்டும் எல்லோர் கண் முன்னால் இருக்கிறது. இங்கே நாம் எழுதிக்கொள்கிற மொய்க்குப் பணம் கட்டுவது மூன்றாவது ஆள். அந்த ஐந்து நட்சத்திரங்களை நம்பி 49 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவு செய்கிறானே, அந்த வாசகன். அவனுக்கு விருந்தும் கிடையாது, நோட்டில் பேரும் கிடையாது. இரண்டு தடவை ஏமாறுவான். மூன்றாவது தடவை சொந்தமாகப் பதிப்பித்த தமிழ்ப் புத்தகம் என்றாலே தொடமாட்டான். அவன் போனால் நாம் யாருக்கு எழுதுவது? நமக்கு நாமேவா?

விதி ஒன்று இல்லாமலும் இல்லை. ஒரு எழுத்தாளர் இன்னொருவர் புத்தகத்துக்கு விமர்சனம் போடலாம், ஆனால் நெருங்கிய பழக்கமோ அந்தப் புத்தக ஆக்கத்தில் பங்கோ இருக்கக் கூடாது, பண்டமாற்று கூடவே கூடாது என்றுதான் அமேசான் சொல்கிறது. நாம்தான் "ஐ அக்ரீ" போட்ட எதையும் படித்ததில்லையே.

இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஜான் லாக் என்று ஒரு அமெரிக்கர். சொந்தமாக வெளியிட்டுக் கிண்டிலில் பத்து லட்சம் பிரதி விற்ற முதல் ஆள் என்று 2011-இல் கொண்டாடினார்கள். எப்படி விற்றேன் என்று தனியாக ஒரு புத்தகமே போட்டார். அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். காசு கொடுத்து முந்நூறு விமர்சனம் வாங்கியிருந்தார்! 2012-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதித்தான் வெளியே தெரிந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் ஆர்.ஜே. எல்லரி என்ற துப்பறியும் நாவலாசிரியர் மாட்டினார். இவர் பெரிய பதிப்பகத்தில் எழுதுகிறவர். பொய்ப் பெயரில் தன் புத்தகங்களைப் புகழ்ந்ததோடு நிற்காமல், சக எழுத்தாளர்களின் புத்தகங்களைத் திட்டியும் எழுதியிருந்தார். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

இதைச் சொன்னால் எங்கள் வகுப்பு இலக்கிய மேதாவி ஒருவன் விட்மனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். 'புல்லின் இதழ்கள்' தொகுப்பை 1855-இல் விட்மன் சொந்தக் காசில்தான் போட்டார், அதற்குப் பெயரில்லாமல் தானே மதிப்புரையும் எழுதினார், தெரியுமா என்கிறான். தெரியும்டா. ஆனால் அந்தத் தொகுப்பு இன்றைக்கும் நிற்பது அந்த மதிப்புரைகளாலா, கவிதைகளாலா? தவிர, நீயும் நானும் விட்மனா?

சரி, அந்த மூன்று நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

என் குறுநாவலுக்கு ஐந்து போட்டவர்களில் ஒரு அண்ணன். நேரில் பார்த்ததில்லை, செய்தியில்தான் பழக்கம். வேதாரண்யம் உப்பளத்தை வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். இருபத்தேழு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். இந்த முறை எட்டு சதவீதத்தில் நிறுத்தவில்லை, முழுசாகப் படித்தேன். நாலாவது அத்தியாயத்தில், வாரி அம்பாரம் போட்ட உப்பின் மேல் ராத்திரி மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு குடும்பமே கீற்றையும் தார்பாயையும் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடுகிறது. சின்னப் பெண் மட்டும் கரைந்து ஓடுகிற தண்ணீரைக் கையில் அள்ளி நக்கிப் பார்க்கிறாள். படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கெல்லாம் இப்படி ஒரு பக்கம் வராது.

ஒன்பதாவது அத்தியாயத்தில் கதை திடீரென்று சென்னைக்கு வந்துவிடுகிறது. ஒரு கொலை, ஒரு போலீஸ்காரர், ஒரு பென்டிரைவ். உப்பளம் போன இடம் தெரியவில்லை. அதுவரை கலைச்செல்வியாக இருந்த நாயகி மூன்று அத்தியாயத்துக்குக் கலையரசி ஆகி, மறுபடி கலைச்செல்வி ஆகிறாள். திரும்பிப் போய் அந்த இருபத்தேழு விமர்சனங்களையும் வரிசையாகப் படித்தேன். ஒருவருக்குக்கூடப் பெயர் மாறியது தெரியவில்லை. அது போகட்டும். மழை ராத்திரியைப் பற்றியும் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை!

எனக்குப் பற்றி எரிந்தது இங்கேதான். பொய்ப் பாராட்டு தப்பை மறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்லதையும் அது மறைத்துவிடுகிறதே! அந்த மனிதர் தன் வாழ்க்கையில் எழுதிய மிகச் சிறந்த ஆறு பக்கம் எது என்று அவருக்கே தெரியாது. சொல்ல ஆளில்லை. இருபத்தேழு பேர் சுற்றி நின்று கை தட்டியும் அவர் தனியாகத்தான் இருந்தார். அடுத்த நாவலில் அவர் மழையை விட்டுவிட்டு பென்டிரைவைத்தான் பிடித்துக்கொள்வார்.

பெரிய பதிப்பகத்தில் நல்ல எடிட்டர் இருந்தால், கலையரசியைக் கைப்பிரதியிலேயே பிடித்திருப்பார். நமக்கு எடிட்டர் கிடையாது, பிழை திருத்துபவர் கிடையாது. அட்டை வரையவே பிரியாணி! நம் புத்தகத்தை முதலில் கையில் எடுப்பது நம்மைப் போலவே எழுதுகிற இன்னொருவர்தான். அவரும் படிக்காமல் கை தட்டினால் அந்தப் புத்தகத்தை உலகத்தில் யாருமே படிக்கவில்லை என்று அர்த்தம். ஆண்டி வீர் 'த மார்ஷியன்' நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டபோது, படித்தவர்கள் அறிவியல் தப்புகளை எழுதி அனுப்பினார்கள். அவரும் திருத்தினார். 2011-இல் 99 சென்டுக்குக் கிண்டிலில் வந்தது. 2014-இல் பதிப்பகம் போட்டது, 2015-இல் படமானது. அந்த வாசகர்கள் "சூப்பர் தல" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால்?

அவ்வளவு தூரம் போவானேன். சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியது முக்கியமாக விமர்சனத்துக்காக. தானே பதிப்பித்து, புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். நம் சொந்தப் பதிப்புக் கூட்டத்துக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா. மணிக்கொடிக் காலத்திலிருந்து கூடவே எழுதிய பி.எஸ். ராமையாவின் சிறுகதைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சக எழுத்தாளனுக்குச் செய்கிற மரியாதை என்றால் அது. அவனை உட்கார்ந்து படிப்பது.

"பிடிக்கலன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். நியாயம்தான். முழுக்க மோசமான புத்தகத்துக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் பாதி அருமையான புத்தகத்துக்குச் சும்மா இருப்பது எப்படி நியாயம்? "ஒரே படகில் போகிறோம், நாமே ஓட்டை போடலாமா" என்கிறார்கள். அப்பா, ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, நான் விரலை நீட்டிக் காட்டுகிறேன். "நீ என்ன பெரிய விமர்சகனா?" இல்லை. ஆனால் கதையின் நடுவில் சிக்கி, வெளியே வரத் தெரியாமல் ஒரு கொலையைப் போட்டுத் தப்பிக்கத் தோன்றும் அந்த நிமிடம் எனக்குத் தெரியும். எழுதாதவருக்கு அது தெரிய நியாயமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அண்ணனுக்கு நான் முதலில் எழுதிய வரைவில் ஒன்பது வரி ஒற்றுப்பிழையைப் பற்றியே இருந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கே நாற்றம் தெரிந்தது. மழை அத்தியாயம் என்னுடையதாக இல்லையே என்ற வயிற்றெரிச்சல், இலக்கணச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது. சக எழுத்தாளன் விமர்சனம் எழுதும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதையெல்லாம் வெட்டிவிட்டு, மழையைப் பற்றிப் பத்து வரி, ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி ஐந்து வரி, நானும் எழுதுகிறவன், அவர் என் கதைக்கு ஐந்து போட்டவர் என்று ஒரு வரி. பிழைகளை அத்தியாயம் வாரியாக அவருக்குத் தனி மடலில் அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "உங்ககிட்ட இத எதிர்பார்க்கல தம்பி." அவ்வளவுதான், அப்புறம் பேச்சு இல்லை. ஐந்நூற்றொன்று வாங்கிக்கொண்டு முந்நூற்றொன்று எழுதியவனை ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்க்கிறார்கள் மற்றவர்களும்.

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று, நான் போட்ட பதினொரு பொய் விமர்சனங்களையும் அழித்தேன். இரண்டே நாளில் என் குறுநாவலுக்கு இருந்த பதினான்கில் ஆறு காணாமல் போயின. நோட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள் :-) விற்பனை முன்னாடியும் பெரிதாக இல்லை, இப்போது சுத்தம். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மீதி எட்டில் ஒன்று, யாரென்றே தெரியாத ஒருவர் போட்ட இரண்டு நட்சத்திரம். "கிழவர் வீட்டுக்குப் போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கடைசி வரை புரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அதை அப்போது பார்த்துவிட்டுத் திட்டினேன். இப்போது அந்தக் கதையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் எனக்கும் தெரியவில்லை.

நேற்று ராத்திரி சும்மா இருக்க முடியாமல், கிண்டில் அன்லிமிடெட்டில் அண்ணனின் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் கலையரசி இல்லை, கலைச்செல்விதான். கொலை மட்டும் அப்படியே இருக்கிறது.