நாயை யாருக்காவது கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்

வீடு மாறுகிறவர்களுக்கு ஊரார் இலவசமாகச் சொல்லும் யோசனைகளில் மிகவும் மலிவானது இந்தத் தலைப்பில் இருப்பதுதான். மார்ச் கடைசியில் என் மகள் குடும்பம் குருகிராமிலிருந்து அம்பத்தூருக்கு மாறி வந்தபோது குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் இதைச் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் கிட்டத்தட்ட என் வயதுக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாம் சொன்னால் பிள்ளைகள் சில சமயம் கேட்டும் விடுகிறார்கள்.

வந்தவர்கள் ஐந்து பேர். மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி, 32 கிலோ எடையுள்ள எட்டு வயது லாப்ரடார் ஒன்று, மழை நாளில் தெருவிலிருந்து பேத்தி தூக்கி வந்த நாட்டுக்குட்டி ஒன்று. ஐந்து பேர் என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு நண்பர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணுதானே சார் வருது?" என்றார். பிறகு அந்த யோசனையையும் சொன்னார். "நாயெல்லாம் அங்கேயே யாருக்காவது கொடுத்துட்டு வரச் சொல்லுங்க. குழந்தை அழுதா இங்க ஒண்ணு வாங்கிக் கொடுத்தா போச்சு."

எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம். ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம் என்று ஆறு வயதில் ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அறுபது வருடம் கழித்து அது நம் பிள்ளைகளை எப்படி நடத்தும் என்று யோசிக்க வேண்டாமா? இந்த நண்பர் பாரத உபந்யாசம் ஒன்று விடமாட்டார். தருமர் கடைசிப் பயணத்தில் நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏற மாட்டேன் என்று சொன்ன கதை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாயாக வந்தது தரும தேவதை என்பது பிறகுதான் வெளிப்படுகிறது. தருமர் மறுத்தபோது அது வெறும் நாய்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீடு மாறுவதற்கு அந்த மொழியில் 'தெமெநாழே' என்று ஒரு சொல். அதே சொல்லைப் பேச்சு வழக்கில் புத்தி பேதலித்துப் பேசுவதற்கும் சொல்வார்கள். லாரிக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்த நாள் முதல் சாமான் இறங்கும் வரை எந்த வீட்டையும் போய்ப் பாருங்கள், பொருத்தம் தெரியும். அந்தக் குழப்பத்தில்தான் நாய் கழித்துக் கட்டப்படுகிறது. கொடுமை செய்ய வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பட்டியலில் கடைசியாக இருக்கிறது, கடைசி நாளில் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வேலையில் இருந்த காலத்தில் மாற்றலாகிப் போகிறவர்களின் பயணப்படி பில்லைப் பல வருடம் சரிபார்த்திருக்கிறேன். சாமான் கணக்கெல்லாம் கிலோவில் வரும். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு லெவல் 6க்கும் அதற்கு மேலும் 6,000 கிலோ, லெவல் 5க்கு 3,000, அதற்குக் கீழே 1,500. பீரோ, கட்டில், கிரைண்டர், கார், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் ரசீது பார்த்திருக்கிறேன். நாய் என்று எழுதிய பில் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. ஆனால் மாற்றல் ஆர்டர் வந்த மாதங்களில் குவார்ட்டர்ஸ் வாசலில் கழுத்துப் பட்டையோடு நாய்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பூட்டிய கதவைப் பார்த்தபடி இரண்டு மூன்று நாள் இருக்கும். பிறகு சாப்பாடு தேடிக் கடைத்தெருப் பக்கம் போகும். பட்டை நைந்து அறுந்ததும் அது தெருநாய். மாற்றல் வேலைக்காரர்கள் நிறைந்த ஆவடிப் பக்கத்தில் நெடுநாள் இருந்தவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விட வேண்டாம் என்று திருத்தியது. அப்போது நம் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். தெருநாய்க்குப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கைத்தடியோடு நடக்கிறவனுக்கு அந்தப் பயம் தெரியும், வெறிநோய் வந்தால் பிழைப்பது அரிது என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சண்டையில் ஒருவர்கூட, இவற்றில் எத்தனை முன்பு ஒரு வீட்டில் பெயரோடு இருந்தவை என்று கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது ரூபாய். இன்றைக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மசால் தோசை அதற்குக் கிடைக்காது.

சரி, கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும், எப்படி?

ரயிலில் ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயையோ நாலு பேர் அறையையோ முழுதாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளில் இடமில்லை. கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில்தான் போட வேண்டும். கூப்பே நமக்குத்தானா என்பது சார்ட் போடும் வரை தெரியாது. லாரியில் சாமானை ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டைக் காலி செய்துவிட்டு, சார்ட்டுக்காகப் பிளாட்பாரத்தில் குழந்தையும் இரண்டு நாயுமாக உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமானம் என்றால், 2022 நவம்பர் முதல் ஆகாசா நிறுவனம் சின்னப் பிராணிகளைப் பயணிகளோடு ஏற்றுகிறது. 32 கிலோ லாப்ரடார் சின்னப் பிராணி ஆகாது. கீழே சரக்கோடுதான் போகும். எட்டு வயது நாய்க்கு அது வேண்டாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார்.

ஆக, கார். குருகிராமிலிருந்து சுமார் 2,200 கிலோமீட்டர். இரண்டரை நாளில் ஓட்டிவிடலாம் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் வீரம் பேசினார்கள். ஐந்து நாள் எடுத்துக்கொண்டார்கள். பெட்ரோல், சுங்கம், ரூம் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தொட்டது. மூன்று பேர் மட்டும் விமானத்தில் வந்திருந்தால் பாதிக்கும் கொஞ்சம் கூடத்தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை எடுத்துப் போட்டு என்னை மடக்கியவர்கள் உண்டு. ஒரு நாயை வேறு ஆளிடம் தள்ளுவதற்குப் பதினைந்தாயிரம் மிச்சம் என்று கணக்கை மாற்றி எழுதிப் பாருங்கள், அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

ஆக்ரா, குவாலியர் தாண்டி ஜான்சியில் முதல் இரவு. அங்கிருந்து சாகர், சிவனி வழியாக நாக்பூர். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. சிவனியைத் தாண்டி நாக்பூர் போகும் வழியில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது. அங்கே காட்டு விலங்குகள் அடிபடாமல் இருக்கச் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேலே லாரி ஓடும், கீழே புலியும் மானும் போகும். போகின்றனவா என்று சந்தேகப்பட வேண்டாம். கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள், புலிகள் தாராளமாக நடந்து போகின்றன. பேத்தி அந்த இடம் முழுக்கக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாளாம். அன்று இரவு நாக்பூரில், போனில் சரி என்று சொன்ன ஒரு ஓட்டல், நாய்களைக் கண்ணால் பார்த்ததும் முடியாது என்றுவிட்டது. ஒன்பதரை மணிக்கு வேறு லாட்ஜ் தேடி அலைந்தார்கள். "புலிக்கு மட்டும் ரோடு போட்டிருக்காங்களே தாத்தா" என்று பேத்தி என்னிடம் போனில் கேட்டாள். அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஹைதராபாத். நான்காம் நாள் நார்க்கெட்பள்ளியில் திரும்பி அத்தங்கி வழியாக ஓங்கோல். ஐந்தாம் நாள் நெல்லூர், கும்மிடிப்பூண்டி, செங்குன்றம், கள்ளிக்குப்பம், வீடு.

இப்படி வருவதில் ஒரு நன்மை உண்டு, வயதானவர்களுக்கு அது புரியும். விமானத்தில் வந்தால் காலையில் குருகிராம், மத்தியானம் அம்பத்தூர். குழந்தைக்குப் பழைய வீடு எங்கே போயிற்று என்றே தெரியாது. காரில் வந்ததால் அவள் அதை ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ரொட்டி போய் இட்லி வந்தது, கடைப் பலகையில் இந்தி போய்த் தெலுங்கு வந்து தமிழ் வந்தது. ராத்திரி தூங்கும்போது காலடியில் அதே இரண்டு நாய்கள். பள்ளிக்கூடம், தோழிகள், மாடிவீட்டு ஆன்ட்டி எல்லாரையும் விட்டுவிட்டு வந்த குழந்தைக்கு மிச்சம் இருந்தது அவைதான்.

காரில் வருவதே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தாபாவில் கார்க் கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் நாய் ஓடிப்போகும். முதலில் கயிறு, பிறகுதான் கதவு. கழுத்தில் போன் நம்பர் எழுதிய வில்லை வேண்டும். பின் சீட்டில் அவிழ்த்து விட்ட 32 கிலோ, சடன் பிரேக் போட்டால் குழந்தை மேல்தான் வந்து விழும், ஆகவே அதற்கும் பெல்ட் வேண்டும். வெயிலில் மூடிய காரில் பத்து நிமிஷம்கூட விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக்கூடாது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இவர்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலுக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர், நடை. வழியெல்லாம் தயிர்சாதம். ஆசையாகக் குழந்தை நீட்டும் சாக்லெட், திராட்சை, வெங்காயம் போட்ட பக்கோடா மூன்றும் நாய்க்கு ஆகாது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கால்நடை மருத்துவர் தந்த உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும். ரயில், விமானம் என்று வழியில் மனம் மாறினால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இன்னொன்று மகள் செய்தது: நாய்கள் படுக்கும் பழைய பெட்ஷீட்டைத் துவைக்காமல் சுருட்டிக்கொண்டு வந்தாள். புது வீட்டில் அதை விரித்ததும் லாப்ரடார் மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துவிட்டது. நாட்டுக்குட்டி மட்டும் மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

நம் பங்கு இவர்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. உள்ளூரில் இருப்பவர் நாம்தானே. நாய் உண்டு என்று முதலிலேயே சொல்லி வீடு தேடினேன். ஏழு வீட்டில் முடியாது என்றார்கள். வாடகைக்கு விடுகிறவருக்கு அந்த உரிமை உண்டு, கோபித்துப் பயனில்லை. எட்டாவது வீட்டுக்கார அம்மா, "எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சுங்க" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அடுக்குமாடிச் சங்கங்கள் விஷயம் வேறு. ஓட்டெடுத்துப் பெரும்பான்மை வந்தாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நீங்கள் சங்கத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்தால் (நம்மில் பாதிப் பேர் இருக்கிறோம்) அதை ஒரு தடவை படித்துவிட்டு நோட்டீஸ் ஒட்டுங்கள். நாய் அசுத்தம் செய்தால் வளர்ப்பவர் அள்ள வேண்டும் என்று கண்டிப்பாகக் கேளுங்கள், அது நியாயம்.

ஹரியானா நம்பர் காரையும் மறந்துவிடாதீர்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அடிக்கடி மாற்றலாகிறவர்கள் புது வண்டி வாங்கும்போதே பி.எச். வரிசை எண் கிடைக்குமா என்று பார்க்கலாம், 2021ல் வந்தது. நாய்களுக்கு அம்பத்தூரில் சென்னை மாநகராட்சி லைசென்ஸ், தடுப்பூசிச் சான்றோடு ஆன்லைனில் போடலாம். ஆவடி 2019லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி, அங்கே இருப்பவர்கள் அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகளுக்கு நானே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். இனம் என்ற கட்டத்தில் நாட்டுக்குட்டிக்கு என்ன போடுவது என்று கேட்டேன். பேத்தி அதன் பெயரையே எழுதச் சொன்னாள்.