நாற்பதிலிருந்து எழுபதுக்கு

"நானா, இதக் கொஞ்சம் ஏத்தித் தாங்களன்."

ஏறாவூரில் கராஜ் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். கையிலுள்ள போனில், ரீமேப் செய்த டீசல் ஹட்ச்பேக் ஒன்று பெற்றோல் டேர்போ ஒன்றை முந்திப் போகும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் கார் வாங்காதவர் என்றால் கேள்வி வேறு விதமாக வரும்: சுவிஃப்ட் ஸ்போர்ட் போல ஒன்றை எடுப்பதா, டீசல் ஒன்றை எடுத்து வலு ஏற்றுவதா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின் இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. நாம் சொல்லும் பதில் மட்டும் பழையது. "இழுவைக்கு டீசல், ஓட்டத்துக்குப் பெற்றோல்." அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இம்முறை எழுதுகிறேன்.

அந்தப் பதில் பிறந்த காலத்தில் அது சரிதான். 1983இல் வந்த டைஹட்சு ஷரேட்டை நம்மில் மூத்த பாஸ்மார் கழற்றிப் பூட்டியிருப்பார்கள். அதே 993 சீசீ, அதே மூன்று சிலிண்டர். ஒன்று பெற்றோல், ஒன்று டீசல். கார்களில் அன்று உலகிலேயே மிகச் சிறிய டீசல் எஞ்சின் அதுதான். அடுத்த தலைமுறை ஷரேட்டின் ஜீடீடீஐ, அதே 993 சீசீயில் பெற்றோலும் டேர்போவுமாக 100 குதிரைவலுவைத் தாண்டியது. டொயோட்டாவிலும் இதே கதை. ஸ்டார்லெட் கிளான்சா வீயின் 1,331 சீசீ பெற்றோல் டேர்போ 135 குதிரைவலு தந்தது. கோர்சாவின் 1,453 சீசீ டேர்போ டீசல் அதில் பாதிதான். ஆனால் கிளான்சாவின் முழு இழுவையை எடுக்க 4,000 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். கோர்சா 2,600 சுற்றிலேயே தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடும். நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டரை முந்த எது சுலபம் என்று அப்போது கேட்டிருந்தால் நானும் டீசலைத்தான் காட்டியிருப்பேன்.

இப்போதைய எஞ்சின்களை எடுங்கள். சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 லீற்றர் பெற்றோல் டேர்போ 2,500 சுற்றிலேயே 230 நியூட்டன் மீற்றர் தருகிறது. 2014இல் வந்த மஸ்டா டெமியோ 1.5 லீற்றர் டீசல், ஓட்டோ கியரில், 1,500 முதல் 2,500 சுற்று வரை 250 தருகிறது. இழுவையைச் சுற்றால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். 2,500 சுற்றில் பெற்றோலுக்கு 60, டீசலுக்கு 65. சுவிஃப்ட் ஸ்போர்ட்டின் எடை 970 கிலோ. டீசல் டெமியோ 1,100 கிலோவுக்கு மேல். எடையையும் சேர்த்துப் பார்த்தால் டீசலின் முன்னிலை அந்தச் சுற்றிலேயே போய்விடுகிறது. அதற்கு மேலே பெற்றோலுக்கு இன்னும் 3,000 சுற்று மீதி இருக்கிறது, டீசலுக்கு இல்லை.

நம் வீதிக்கு இந்த நடு இடம்தான் முக்கியம். ஏ15இல் தன்னாமுனை, பிள்ளையாரடி வழியாக மட்டக்களப்புக்குப் போகிறவருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 என்பதே சட்டம். கிழக்கில் அதிவேகப் பாதை இல்லை. சுழியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கன் என்ற கணக்கை இங்கே எவரும் நேர்மையாகப் பயன்படுத்த முடியாது. இ.போ.ச. பஸ்ஸின் பின்னால் 40இல் ஊர்ந்துவிட்டு, எதிரே வெளி கிடைத்ததும் 70க்குப் போய்த் தன் பக்கத்துக்குத் திரும்ப எத்தனை செக்கன்? நம் வாடிக்கையாளரின் உயிர் தொங்குவது இந்தக் கணக்கில். புதிய சிறு பெற்றோல் டேர்போ இந்த வேலையை ஏற்றாமலே செய்கிறது.

செலவுக்கு வருவோம். டீசல் மோகத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. 2020இல் 92 பெற்றோல் லீற்றர் 137 ரூபா, ஓட்டோ டீசல் 104 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 92 பெற்றோல் 470, ஓட்டோ டீசல் 460. மூன்றாந்தலைமுறை கொமன் ரெயில் எஞ்சினுக்கு நாம் பரிந்துரைக்கும் சுப்பர் டீசல் அன்று 520. அதாவது 92 பெற்றோலைவிட விலை கூட. பிறகு விலைகள் இறங்கின, 2020இன் இடைவெளி அப்படியே மீளவில்லை. இறக்குமதித் தீர்வையும் ஒரு சீசீக்கு டீசலில்தான் அதிகம். ஆனாலும் எரிபொருளைக் கியூஆர் முறையில் பங்கிட்ட காலத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது, அந்த 20 லீற்றரில் கண்டி போய்வந்தவர் டீசல்காரர்தான். அந்த நினைவு இன்னும் சனங்களிடம் இருக்கிறது. அதை நாம் எளிதாக ஒதுக்கக் கூடாது.

இனி ஏற்றும் வேலை. கடந்த கச்சான் காலத்தில் என்னிடம் ஓர் ஆசிரியரின் டீசல் ஹட்ச்பேக் வந்தது. வெளியூரில் ரீமேப் செய்திருந்தார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீற்றர், திரும்ப நான்கு. மாதம் ஒரு முறை மட்டக்களப்பு. கரி வடிகட்டியான டீபீஎஃப் அடைத்து, எரிபொருள் கலந்து, எண்ணெய் மட்டம் டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, சூடான புகைபோக்கியோடு நிற்காமல் ஓட வேண்டும்; நான்கு கிலோமீற்றரில் எஞ்சினே சூடாகவில்லை. ரீமேப் கூடுதலாக ஊற்றிய டீசல் கரியைக் கூட்டியது, அவ்வளவுதான். அவர் கேட்டது, "டீபீஎஃப்ப வெட்டி எடுத்துடலாமா?" என்று. நான் மறுத்தேன். அவர் காலையில் காரை நிறுத்துவது பிள்ளைகள் வரிசையில் நிற்கும் கேற்றடியில். அந்தக் கரியை அவர்கள்தான் சுவாசிக்க வேண்டும். வெட்டித் தருகிற கராஜ்கள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன என்பது தெரியும். அந்தத் தோழர்களிடம் இந்த இதழின் வழியாக நேரடியாகக் கேட்கிறேன்: நிறுத்துங்கள். வருடாந்தப் புகைச் சோதனையை எப்படியோ கடத்திவிடலாம் என்பது பதிலாகாது.

பழைய மெக்கானிக்கல் பம்பில் எரிபொருள் திருகை அரைச் சுற்றுத் திருப்பியபோது கறுப்புப் புகை வந்து நம்மை எச்சரித்தது. ரீமேப்பில் அந்த எச்சரிக்கை டீபீஎஃப்புக்குள் ஒளிந்துவிடுகிறது. கூடவே, கீழ்ச் சுற்றில் திடீரென ஏறும் இழுவை முதலில் தின்பது கிளச்சையும் இரட்டை ஃப்ளைவீலையும். ரீமேப்புக்குக் கொடுத்த காசைவிட அந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் காசு பெரிது. இதை முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்வது நம் கடமை.

பெற்றோல்காரருக்கும் ஒரு வார்த்தை. ஜப்பான் சுவிஃப்ட் ஸ்போர்ட் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. அங்கே அதன் தரம் 96க்குக் குறையாது. நம் பக்கத்து பெற்றோல் செட்கள் எல்லாவற்றிலும் 95 கிடைப்பதில்லை. 92ஐ ஊற்றி, கச்சான் காற்றில் கொதிக்கும் உறிஞ்சு காற்றோடு, மேலே பூஸ்டையும் ஏற்றினால் நொக் வரும். ஈசீயூ தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும். ஏற்றிய வலு ஏற்றிய இடத்திலேயே காணாமல் போகும். அல்ட்டோ வேர்க்ஸ் போன்ற 660 சீசீ டேர்போக்கள் அங்கே சாதாரணப் பெற்றோலில் ஓடுபவை, அதன் அளவு 89இலிருந்து. நம் 92 அவற்றுக்குத் தாராளம். ஏறாவூருக்குள்ளேயே அதிகம் ஓடும் ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான், ஏற்றாமல்.

டீசலை யாருக்குச் சொல்வேன்? கிழமைக்கு ஒரு முறையாவது ஹபரணை வழியாகக் கொழும்புக்கு, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவருக்கு. அவருடைய டீபீஎஃப் தானாகவே எரிந்து சுத்தமாகும், லீற்றருக்கான கிலோமீற்றரும் கையில் தெரியும். அவருக்கும் ரீமேப் தேவையில்லை. நல்ல சுப்பர் டீசலும் நேரத்துக்கு மாற்றிய ஃபில்டரும் போதும்.

வாடை தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். குளிர் காற்றுக்கென்று பம்பருக்குள் இறக்கி வைத்த திறந்த ஃபில்டர்களைத் தேடிப் பிடித்து மேலே ஏற்றிவிடுங்கள், பெற்றோலோ டீசலோ. ஏ15இல் வெள்ளம் ஏறும் நாளில் ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே போனால் கொன்ரொட் வளையும்.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கைக்கு வரும் ஹட்ச்பேக்குகளில், உரிமையாளரின் அனுமதியோடு, ஆளில்லாத நேரான பாதையில், இரண்டு பேர் அமர்ந்து, மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் 40இலிருந்து 70க்குப் போகும் நேரத்தை மூன்று முறை எடுங்கள். உறிஞ்சு காற்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் பார்த்துக் குறியுங்கள். ஏற்றியதா, ஏற்றாததா, எந்த எரிபொருள், காலையா மதியமா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் எல்லாவற்றையும், என் கருத்துக்கு எதிரானவை உட்பட, அப்படியே அச்சிடுவோம்.