கைக்கு அளந்த பிடி

கத்தி வாங்கக் கடைக்குச் செல்பவர்களை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்; கூர் எப்படி என்று கட்டை விரலால் மெல்லத் தடவுவார்கள்; விலையைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பிடியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால், வீட்டுக்கு வந்த பிறகு அலகைத் தொடுவது காய்கறி. நாள்தோறும் நம் கையோடு உறவாடுவது பிடிதான்.

கத்தி கெட்டுப் போகும் விதத்தைப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். நல்ல எஃகு அலகு சாணை பிடிக்கப் பிடிக்கப் பல ஆண்டுகள் உழைக்கும். பிடியோ தண்ணீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து, விரிசல் கண்டு, ஆணி தளர்ந்து, ஒரு நாள் ஆடத் தொடங்குகிறது. ஆடுகிற பிடியை நம்பக் கூடாது. பூசணிக்காயில் இறங்க வேண்டிய அலகு விரலில் இறங்கிவிடும். அதற்கு அஞ்சி, அலகு நன்றாக இருக்கும்போதே கத்தியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறோம்.

ஜப்பான் தேசத்தில் இவ்வாறு செய்வதில்லை. அங்கே மரபான சமையற் கத்திகளுக்கு 'ஹோ' என்னும் இலேசான மரத்தில் பிடி போட்டு, அதன் வாயில் எருமைக் கொம்பினால் பூண் இடுவது வழக்கம். பிடி நைந்துபோனால் தட்டிக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர் வழக்கமும் இதுவே. அரிவாளின் வாலைக் காய்ச்சி மரப் பிடிக்குள் இறக்கிப் பூண் மாட்டிக் கொடுப்பார். பிடி போனால் அடுத்த பிடி. அலகு நிலையானது, பிடி மாறக் கூடியது என்ற இந்தப் பழைய ஞானம் கொல்லைப்புறத்து அரிவாளோடு நின்றுவிட்டது. சமையலறைக் கத்திக்கு வரவில்லை.

பிடியை நாமே செய்துகொள்வதில் சிக்கனத்தைக் காட்டிலும் பெரிய லாபம் ஒன்று உண்டு. சட்டைக்கு அளவு கொடுக்கிறோம். செருப்புக்கு அளவு பார்க்கிறோம். கத்திப் பிடி மட்டும் எல்லாக் கைக்கும் ஒரே அளவில் வருகிறது. நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். விரல் மூட்டுக்களில் வாதம். மெல்லிய பிடியைச் சுற்றி விரல்களை மடக்க முடியாமல், காய் நறுக்குவதையே விட்டுவிட்டார். வேலை போனதைவிட, வீட்டில் தமக்கு ஒரு வேலையும் இல்லை என்ற எண்ணமே அவரை அதிகம் வாட்டியது. பள்ளி மாணவனான அவருடைய பேரன், பாட்டியின் கையை அளந்து, சற்றே பருமனான பிடி ஒன்றைக் கொய்யா மரத்தில் செய்து போட்டான். பரங்கிக்காயை இன்றும் மருமகள்தான் வெட்டுகிறார். ஆனால் வெண்டை, கத்தரி, அவரை மூன்றும் மீண்டும் அம்மையாரின் இலாகாவுக்கு வந்துவிட்டன.

இனி, செய்யும் முறையைச் சொல்லுவோம். முதல் முயற்சிக்கு ஏற்றது, வால் பிடியின் முழு நீளத்துக்கும் தட்டையாக ஓடி, அதில் இரண்டு மூன்று துளைகள் உள்ள கத்தி. அதன் இரு பக்கமும் இரு மரத் துண்டுகளை வைத்துத் தறைந்துவிட்டால் பிடி ஆகிவிடும். வேண்டிய கருவிகள் சிறு ரம்பம், கையால் சுழற்றும் துளைக்கருவி, ஓர் அரம், ஒரு சிறு சுத்தியல், மூன்று தரத்து உப்புத்தாள் ஆகியவையே.

மரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டு போதும். புளி, கருவேலம், கொய்யா ஆகியவை கடினமானவை, நெடுநாள் உழைக்கும். பூவரசு உறுதியானது. தேக்கு வேலைக்கு எளிது. ஆனால் அதில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டாகையால், ஒட்டும் முகத்தை ஸ்பிரிட்டினால் துடைத்த பிறகே பசை தடவ வேண்டும். ஈட்டி கண்ணுக்கு அழகு. அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். எந்த மரமானாலும் மூக்கைத் துணியால் மறைத்துக்கொண்டு இழைப்பது நல்லது. அரளியும் எட்டியும் நஞ்சுள்ளவை. சமையலறையில் அவற்றுக்கு இடமே இல்லை. பச்சை மரமும் உதவாது. நிழலில் காற்றாட உலர்வதற்கு 1 அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது மரவேலைக்காரர்கள் சொல்லும் கணக்கு. மரம் உலரும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். ஆகவே, மரத்தின் ரேகை பிடியின் நீளவாட்டில் ஓட வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் அலகைத் தடித்த துணியால் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். இது தவறக் கூடாத விதி. பழைய ஆணித் தலைகளை அராவி, ஓர் ஆணியை வைத்துத் தட்டி வெளியேற்றி, வாலின் துருவை உப்புத்தாளால் நீக்குங்கள். பழைய பிடி எளிதில் வரவில்லை என்று நெருப்பில் காட்டுவது தகாது. வெப்பம் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் எஃகின்மேல் வைக்கோல் நிறம் படரும். அலகின் பதம் போய்விடும்.

பிறகு, ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து இரு துண்டுகளை அறுத்துக்கொள்ளுங்கள். நீளம் 5 அங்குலம், கனம் 3/8 அங்குலம் சாதாரணக் கைக்குப் போதும். விரல் மடங்காத முதியவர்க்குக் கனம் 5/8 அங்குலம் வரை இருக்கலாம். தட்டையான கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்து, துண்டின் உட்புறத்தை அதில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வாலோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடையே ஒளி தெரியக் கூடாது. ஒரு துண்டை வாலோடு இறுக்கி, வாலிலுள்ள துளை வழியாகவே மரத்தில் துளையிட வேண்டும். ஒரு துளையில் கம்பியைச் செருகிய பிறகு அடுத்ததைப் போட்டால் இடம் பிசகாது. மற்றத் துண்டுக்கும் இவ்வாறே.

கம்பி பித்தளையாக இருக்கட்டும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை உண்டாவதை நம் முன்னோர் அறிவார்கள். துவர்ப்புள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டாலும் அதே கறுப்புக் கறை படியும். இன்னொரு நுட்பம்: அலகை அடுத்து வரும் மரத்தின் முன் ஓரங்களை ஒட்டுவதற்கு முன்பே வளைத்து வழவழப்பாக்கிவிட வேண்டும். ஒட்டிய பின் அங்கே அரம் ஓட்டினால் அலகிலும் கீறல் விழும்.

ஒட்டுவதற்கு இரு குழாய்களில் விற்கும் எபாக்ஸிப் பசை சிறந்தது. பசையைத் தடவி, கம்பிகளைச் செருகி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் நாடாவை இறுகச் சுற்றி, ஒரு நாள் முழுதும் தொடாமல் வைத்திருங்கள். மறுநாள் கம்பியின் நுனிகளை மரத்துக்கு மேல் சிறிதே நிற்கும்படி அறுத்து, சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டித் தலை பரப்ப வேண்டும். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும்.

இப்போதுதான் உண்மையான வேலை வருகிறது. பிடி உருண்டையாக இருக்கலாகாது. முட்டை வடிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கூர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கண்ணின் துணையின்றியே கை அறியும். ஆசிரியர் வேலையில் இருப்பதால் நமக்குத் தோன்றிய உபாயம் ஒன்று: கத்தியை உபயோகிக்கப் போகிறவரின் உள்ளங்கையில் வண்ணச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவி, நறுக்குவது போலவே பிடியைப் பற்றச் சொல்லுங்கள். வண்ணம் அழுத்தமாகப் பதியும் இடம் கையை உறுத்தும் மேடு. அதை மட்டும் அராவிவிட்டு, மறுபடியும் பற்றச் செய்யுங்கள். நாலைந்து முறைக்குப் பின் வண்ணம் எங்கும் ஒரே சீராகப் படியும். அந்தக் கைக்கு உரிய பிடி அதுதான்.

கடைசியில் 80, 120, 220 எண்ணுள்ள உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து உலர விடுங்கள். மரத்தின் சிலும்பு எழும். மறுபடி தேய்த்துவிட்டால் பிறகு தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக எழாது. மெருகுக்கு உண்ணத்தக்க ஆளிவிதை எண்ணெயே ஏற்றது. தேங்காய் எண்ணெய் உலராது. நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல இறுகும். மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, சில நாள் காயவிட்டு, மூன்று நான்கு முறை செய்யலாம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக் கூடாது. தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

படித்தவர்களுக்கு இத்தகைய வேலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1866-ஆம் ஆண்டிலேயே பின்லாந்து தேசம் உனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் கிராமப் பள்ளிகளில் கைவேலையைப் பாடமாக்கியது. பின்னர் ஸ்வீடனில் ஓட்டோ சலோமோன் ஆசிரியர்களுக்கே மரவேலை கற்பித்தார். அவர் முறையில் மாணவன் முதலில் கையிலெடுத்த கருவி கத்திதான். நம் தேசத்தில் 1937-இல் வார்தாவில் மகாத்மா காந்தி கூறியதும், கைத்தொழில் கல்வியின் நடுவில் இருக்க வேண்டும் என்பதே. அளவெடுத்தல், பொறுமை, பிறர் சௌகரியத்தை எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் நம் வகுப்பறைகளில் அதிகமில்லை.

வருகிற விடுமுறையில் வீட்டிலுள்ள கத்திகளை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிடி ஆடுகிறது, அது யாருடைய கையை நோகச் செய்கிறது என்று கேளுங்கள். அந்தக் கையை அளந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.