எங்கே என்று தெரிந்தால் போதுமா?



மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, அது எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று கணக்கிட்டிருப்பீர்கள். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்பதே அக்கணக்கின் அடிப்படை. ஒலியின் இதே வேகத்தை நம்பி அமெரிக்காவின் சிகாகோ நகரம் கோடிக்கணக்கில் பொதுப்பணத்தைச் செலவிட்டது. அது சரிதானா என்று பார்ப்போம்.

2017-இல் சிகாகோ காவல்துறை, துப்பாக்கிக் குற்றம் மிகுந்த எங்கிள்வுட், ஹாரிசன் வட்டாரங்களில் புதுவகை மையங்களைத் தொடங்கியது. பிறகு அவை மற்ற வட்டாரங்களுக்கும் பரவின. தெருக் காமிராக்களின் படங்களும், குற்றங்கள் நடந்த இடங்களின் வரைபடமும், 'ஷாட்ஸ்பாட்டர்' என்னும் ஒலிக்கருவியின் செய்திகளும் அங்குள்ள திரைகளில் ஒன்றுசேர்ந்தன. அக்கருவிக்கு மட்டும் 2018-இல் 3 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஆயிற்று.

கருவியின் தத்துவம் எளியது. கம்பங்களிலும் கூரைகளிலும் ஒலிவாங்கிகள் இருக்கும். ஒரு வெடியோசை முதல் ஒலிவாங்கியை எட்டி அரை விநாடி கழித்து இரண்டாவதை எட்டினால், ஓசை பிறந்த இடம் முதலாவதற்கு 170 மீட்டர் அதிக அருகில் உள்ளது என்று பொருள். அத்தகைய இடங்களெல்லாம் ஓர் அதிபரவளையத்தின் மேல் அமையும். மூன்றாவது ஒலிவாங்கி இன்னொரு வளைவைத் தரும். இரண்டும் வெட்டும் இடமே நாம் தேடும் இடம். நேரத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி பிழை நேர்ந்தாலும், தூர வேறுபாட்டில் 3.4 மீட்டர்தான் தவறும்.

ஆகவே 'எங்கே' என்பதற்கு இயற்பியல் நன்றாகவே விடை தருகிறது. 'என்ன' என்பதுதான் கடினம். பட்டாசும் வெடிக்கும், வண்டியின் புகைக்குழாயும் வெடிக்கும். சுவர்களில் பட்டு எதிரொலி வேறு வரும். கணிப்பொறி பிரித்துக் கொடுத்ததை ஆட்கள் கேட்டுப் பார்த்த பின்பே காவலருக்குச் செய்தி போகிறது.

2021 ஆகஸ்டில் நகரத்தின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை வந்த 50,176 செய்திகளில், துப்பாக்கிக் குற்றத்துக்குச் சான்று கிடைத்தவை 4,556. அதாவது 100-க்கு 9.

உடனே 'மற்ற 91-ம் பொய்' என்று சொல்லிவிடாதீர்கள். சுட்டவன் ஓடியிருக்கலாம், தோட்டா உறைகள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். சான்று கிடைக்கவில்லை என்பது வேறு, நிகழவில்லை என்பது வேறு. ஆனால் அவை உண்மை என்றும் நிறுவ முடியாதல்லவா? தவறான செய்தியும் தீங்கற்றதன்று. துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான் என்று எண்ணியே காவலர் விரைகிறார். அந்த நேரத்தில் தெருவில் நிற்பவர் யாராகவும் இருக்கலாம். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மக்கள் மிகுதியாக வாழும் வட்டாரங்களிலேயே பெரும்பாலும் இக்கருவி வைக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

2024 செப்டம்பர் 22-ஆம் நாளோடு மேயர் பிராண்டன் ஜான்சன் கருவியை நிறுத்தினார். காயமுற்றவரைக் காப்பாற்ற ஒவ்வொரு விநாடியும் முக்கியம் என்று கூறி நகர மன்றத்தினர் பலர் எதிர்த்தனர். அவர்கள் கவலையும் நியாயமானதே. 7 ஆண்டுகளுக்குப் பின்னும் நகரம் இரண்டுபட்டு நின்றது.

இத்தகைய மையங்களுக்கு அரசு பணம் தரக்கூடாது என்பது என் கருத்தன்று. அளவிடும் வழியை வகுக்காமல் தரக்கூடாது என்பதே. ஒத்த தன்மையுள்ள சில வட்டாரங்களில் கருவியை வைத்தும், சிலவற்றில் வைக்காமலும் ஒப்பிட வேண்டும். எத்தனை உயிர் பிழைத்தது, எத்தனை குற்றவாளிகள் பிடிபட்டனர், எத்தனை முறை வீணாக ஓடினோம் என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்க வேண்டும். ஒப்பீடு இல்லாத சோதனையை உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஏற்க மாட்டார்களே!

நாளை நீங்கள் வாக்களிப்பீர்கள், வரி செலுத்துவீர்கள். புதிய கருவி ஒன்றுக்குப் பணம் கேட்டு யார் வந்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'இது பயன் தருகிறதா என்று எப்படி அளப்பீர்கள்? என்ன விடை வந்தால் நிறுத்துவீர்கள்?'